கடை சாத்திய பின் ஒரு பாடம்: அஞ்சல் வழியில் வணிக நெறி



வியாபாரத்தில் நியாயம் என்பதைப் புத்தகம் வைத்துப் படித்துப் பரீட்சை எழுத முடியுமா என்று நம்மவர்களில் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. நம் தகப்பனார் காலத்தில் நெறி என்பதைத் தராசுக்குப் பின்னால் நின்றே கற்றுக்கொண்டார்கள். தட்டில் ஒரு கை அரிசி குறைந்தால் மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே தெரு. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் மொய் எழுதியவர். அங்கே புத்தகத்துக்கு வேலை இல்லை.

இன்று நம் கடையில் இருக்கும் ஒரு மூட்டை பருப்பு எந்த நாட்டில் விளைந்தது, எந்தத் துறைமுகத்தில் இறங்கியது, எந்த ஆலையில் உடைபட்டது என்று நமக்கே தெரியாது. மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் பாதிதான் தெரியும். மாதனூரில் நெடுஞ்சாலை ஓரம் லாரி நின்று இறக்கிவிட்டுப் போகிற சரக்கு, மறுநாள் ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கடைக்குப் போய்விடுகிறது. கை மாறும்போதெல்லாம் பொறுப்பும் மாறுகிறதா, அல்லது முதல் கையிலேயே நின்றுவிடுகிறதா? இதைத்தான் வணிக நெறிப் பாடம் கேட்கிறது. படிக்கலாமா என்று கேட்டால், படிக்கத்தான் வேண்டும் என்பது நமது கருத்து.

படிப்பதற்கு வழியும் இருக்கின்றது. இந்தியாவில் அஞ்சல் வழிக் கல்வியை 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னை 1981-லும் இதைத் தொடங்கின. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் நம் சட்டமன்றச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. முன்பு தபால்காரர் கட்டுக் கட்டாகப் பாடங்களைக் கொண்டுவந்து தருவார். இன்று பாடம் கைபேசியிலேயே இறங்கிவிடுகிறது. பெயர் மட்டும் 'தொலைநிலைக் கல்வி' என்று மாறிவிட்டது. நமக்கு இன்னும் அஞ்சல் வழிதான் வாயில் வருகிறது.

இந்திரா காந்திப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. படிப்பில் வணிக நெறிக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கும் என்றே ஒரு தாள் இருக்கிறது. அதில் சேரப் பட்டம் வேண்டும். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் என்ன செய்வது? அந்தப் பல்கலைக்கழகம் தன் பாடப்புத்தகங்களை இ-ஞானகோஷ் என்ற தளத்தில் யாரும் படிக்கலாம் என்று இலவசமாகவே வைத்திருக்கின்றது. பரீட்சை எழுதாவிட்டால் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். பாடம் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடை. பி.காம். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரவு அரை மணி நேரம் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லலாம். பிள்ளைக்கும் பாடம் ஆயிற்று. பத்தாவதே முடிக்காதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் சேர வயது உச்சவரம்பு கிடையாது.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்தப் பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் கொண்ட ஒரு தாளுக்கு 120 மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்குச் சாத்துகிற நமக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான்கு மாதம் ஆகும். சரக்கு மந்தமாக இருக்கும் ஆடி மாதத்தில் தொடங்குவது உத்தமம்.

சேருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டில் எந்தப் படிப்பை நடத்தலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. பல்கலைக்கழகம் பழையது, பெயர் பெற்றது என்பது மட்டும் போதாது. சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுக. கடைத்தெருவில் பலகை மாட்டிக்கொண்டு 'ஆறே மாதத்தில் பட்டம்' என்பவரிடம் ஏமாந்து நின்றவர்கள் நம் பகுதியிலும் உண்டு. நெறி படிக்கப் போன இடத்திலேயே நெறி கெட்ட வியாபாரம் நடந்தால் என்ன சொல்வது!

இனிப் பாடத்துக்கு வருவோம். எல்லாப் பாடத்தையும் இந்தப் பக்கங்களில் அடக்க முடியாது. மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் உரியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் எங்கே முடிகிறது?

முதல் பாடம் சட்டத்துக்கும் நெறிக்கும் உள்ள வேறுபாடு. பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல், குளிர்சாதனப் பெட்டிக்கு என்று இரண்டு ரூபாய் சேர்த்து வாங்குவது நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் சாதாரணம். பொட்டலப் பொருள் விதிகளின்படி அது குற்றம்; அதில் வாதத்துக்கே இடமில்லை. கரண்ட் பில் ஏறிவிட்டது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அச்சிட்ட விலை என்பது எல்லா வரியும் செலவும் அடங்கிய உச்ச விலை. இது சட்டம்.

இன்னொன்றைப் பாருங்கள். மூட்டையோடு தராசில் ஏற்றி ஐம்பது கிலோ என்று எழுதி அனுப்பினால் சாக்கின் எடைக்கும் அரிசி விலை. சில்லறைக் கடைக்காரர் அதைக் கிலோ கிலோவாகப் பிரித்து விற்கும்போது குறைவது அவர் கையிலிருந்து. அவர் அதை எங்கே சரிக்கட்டுவார்? கேட்க வேண்டியதே இல்லை, பொட்டலத்தில்தான். சட்டப்படி பிடிபடுகிறவர் கடைசியாகத் தராசு பிடித்தவர். குறை தொடங்கியது மண்டியில். நிகர எடைக்கு மட்டும் பணம் வாங்குவது என்று மொத்த வியாபாரிகள் உறுதியாக இருந்தால் கீழே பாதிக் குறை தானே மறைந்துவிடும். மொத்த வியாபாரம் செய்கிற நாமே இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகருக்காகவே எழுதப்பட்டது. பல கடைகளில் அதை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாட்டியிருப்பதனாலேயே யாரும் படிப்பதில்லை.

அரிசியில் கல்

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1967-68-ல் டெல்லியில் ஓராண்டு தங்கியிருந்தவர். 1970-ல் அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார், பதின்மூன்று பக்கம்தான். அதற்கு முன் மூன்று ஆய்வுப் பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. அக்கட்டுரைக்காகவே 2001-ல் அவருக்கு நோபல் பரிசு பங்கிட்டுக் கிடைத்தது. பெரும்பாலும் பழைய கார் விற்பனையைப் பற்றிய கட்டுரை அது. ஆனால் அதற்குள் நம் கடைத்தெருவும் வருகின்றது. இந்தியாவில் இல்லத்தரசிகள் கடையில் வாங்கிய அரிசியில் கல் பொறுக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கற்கள் அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் பார்த்து வேண்டுமென்றே சேர்க்கப்பட்டவை என்று அவர் எழுதியிருக்கிறார். நம் தாய்மார்கள் முறம் வைத்துப் புடைத்தது நோபல் பரிசுக் கட்டுரையில் ஏறிவிட்டது. பெருமைப்படுவதா, தலை குனிவதா என்று தெரியவில்லை.

அவர் சொல்ல வந்ததை நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு சந்தையில் பத்துக் கடை. ஐந்து கடையில் சுத்தமான அரிசி. கடைக்காரருக்கு அடக்கம் கிலோ 55 ரூபாய். மற்ற ஐந்தில் கலப்பட அரிசி. அடக்கம் 40 ரூபாய். வாங்க வரும் அம்மாள் சுத்தமான அரிசிக்கு 62 ரூபாய் கூடக் கொடுக்கத் தயார். கலப்படத்துக்கு 42-க்கு மேல் தரமாட்டார். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. பாதிக்குப் பாதி என்று நினைத்து, இரண்டுக்கும் நடுவாக 52 ரூபாய்தான் தருவேன் என்கிறார். அடக்கம் 55 உள்ளவர் 52-க்கு எப்படி விற்பார்? ஒன்று கடையைச் சாத்த வேண்டும், இல்லையென்றால் அவரும் கல் சேர்க்க வேண்டும். சில மாதத்தில் சந்தையில் இருப்பதெல்லாம் கலப்படம். அம்மாளுக்கும் அது தெரிந்துவிடும், 42-க்கு இறங்கிவிடுவார்.

கவனியுங்கள். நல்ல அரிசி விளைகிறது. அதற்கு 62 ரூபாய் தர ஆள் இருக்கிறார். 55 ரூபாய் அடக்கத்தில் விற்க ஆள் இருக்கிறார். ஆனாலும் வியாபாரம் நடக்கவில்லை. ஏமாற்றுவதன் நஷ்டம் ஏமாந்தவரின் பணம் மட்டும் அல்ல, நேர்மையான வியாபாரி சந்தையை விட்டே துரத்தப்படுவதும் அதில் சேரும் என்பது அகர்லாஃப் கண்டது. கலப்படம் செய்கிறவரைப் பார்த்து, 'அவன் பாவம் அவனோடு' என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். அவன் பாவம் அவனோடு போவதில்லை. நம் விலையையும் சேர்த்து இறக்கிவிட்டுத்தான் போகிறது.

இதற்கு மாற்று என்ன? உத்தரவாதம், அறிந்த பெயர், சங்கிலிக் கடை என்று அவரே சிலவற்றைச் சொல்கிறார். வாங்குகிறவர் நம்புவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். சில்லறையில் நம்பிக்கை குறையக் குறைய, பொட்டலத்தில் பெயர் போட்டவரிடம் நம்பிக்கை போய்ச் சேர்ந்தது. இன்று பெண்கள் கேட்பது இன்ன கடை அரிசி என்று அல்ல, இன்ன படம் போட்ட மூட்டை என்று. பெரிய அங்காடிகளும், பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறவர்களும் வளர்வதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. 'பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்' என்ற ஒரு வார்த்தையும் காரணம். நம்மில் எத்தனை கடையில், பிரித்த பொட்டலத்தைத் திரும்ப வாங்குகிறோம்? உலையில் போட்ட பிறகு அரிசி சரியில்லை என்று வந்தாலும் மாற்றிக் கொடுக்கிற சில கடைக்காரர்களை நாம் அறிவோம். அவர்கள் கடையில் கூட்டம் குறைந்து பார்த்ததில்லை.

பாடப்புத்தகத்தில் பாலாறு

வணிக நெறிப் பாடத்தில் 'கணக்கில் வராத செலவு' என்று ஒரு பகுதி உண்டு. ஒரு தொழிலின் செலவில் ஒரு பகுதியை அத்தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் ஏற்றிவிடுவது. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் யாரும் தாண்டிப் போக முடியாத வழக்கு நம் வழக்கு: வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் 1991-ல் தொடுத்தது, 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் உள்ள சில கணக்குகளை ஒரு வியாபாரியின் கண்ணோடு படிக்க வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம், பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது. தோலின் விற்பனைப் பட்டியலில் ஆட்டுத்தோல் விலை உண்டு, ரசாயனம் உண்டு, கூலி உண்டு, வட்டி உண்டு. கெட்டுப் போன கிணறு மட்டும் இல்லை. அந்தச் செலவை எழுதியவர் கீழ்க்கரை விவசாயி. அதுவும் அவர் வீட்டுக் கணக்கில். முன்னெச்சரிக்கை வேண்டும், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது. மாசு செய்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

இழப்பீட்டை நிர்ணயிக்க அதிகாரம் பெற்ற ஆணையம் 2001 மார்ச்சில் தன் தீர்ப்பை அளித்தது. சுமார் 29 ஆயிரம் பேருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நிலுவை இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவு. வழக்குத் தொடுத்து 34 ஆண்டு! இடையில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பிழைப்புக்காக வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர்.

இதை எழுதும்போது நமக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிக் கடைக்காரர்கள் யாருடைய பணத்தில் பிழைக்கிறோம்? தோல் ஆலைக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிற தொழிலாளிகளின் சம்பளத்தில். ஆலை மூடினால் நம் கடன் நோட்டு அப்படியே நிற்கும். அதே நேரத்தில், கிணறு கெட்டுப் போன விவசாயியும் நம் வாடிக்கையாளர்தான். அவரும் நோட்டில்தான் இருக்கிறார். ஆகவே தோல் தொழிலைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள மளிகை வியாபாரிக்கு உரிமை இல்லை. 'பங்குள்ளோர்' என்று பாடம் சொல்வது இதைத்தான். ஒரு தொழிலில் பணம் போட்டவர் மட்டுமல்ல, அதனால் நன்மையோ தீமையோ அடையும் ஒவ்வொருவரும் அதில் பங்குள்ளவர்.

ஒரு பார்வையில் நம் வியாபாரமும் ஆறு போலத்தான். மேலே ஆலைக்காரர், அடுத்து மொத்த வியாபாரி, அதன் கீழ் சில்லறைக் கடை, கடைசியில் அடுப்படி. மேல்மடையில் விட்டது கீழ்மடையில் சேருகிறது.

எண்ணெய் டின்னும் பில்லும்

1998 ஆகஸ்டில் டெல்லியில் கடுகெண்ணெய் வாங்கிச் சமைத்த குடும்பங்களில் கால் வீக்கம் கண்டது. வீங்கிய கால் குணமாகாமல் இதயம் வரை பாதித்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆர்ஜிமோன் என்னும் விதையின் எண்ணெய் அதில் கலந்திருந்தது. நம் பக்கத்தில் குடியோட்டிப் பூண்டு, பிரம்மதண்டு என்று சொல்கிற முள் செடிதான் அது. தரிசிலும் சாலை ஓரத்திலும் மஞ்சள் பூப்பூத்து நிற்கும். விதை பார்ப்பதற்குக் கடுகு மாதிரியே இருக்கும். அந்த ஆண்டே மத்திய அரசு சமையல் எண்ணெயைப் பொட்டலமிட்டுத்தான் விற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது.

டெல்லியில் அந்த எண்ணெயை அளந்து ஊற்றிய சில்லறைக் கடைக்காரர்கள் எல்லாரும் கொலைகாரர்களா? இல்லை. பெரும்பாலோர் வாங்கினார்கள், விற்றார்கள். 'எனக்குத் தெரியாது' என்ற பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் நெறிப் பாடம். நாள்தோறும் கடுகை அளக்கிற கைக்குக் கடுகில் கலந்த வேற்று விதை தெரியும். மிளகை அள்ளுகிற கைக்குப் பப்பாளி விதை தெரியும். சந்தை விலைக்கு மிகக் குறைவாக ஒருவர் எண்ணெய் தந்தால், அந்த விலையே ஒரு தகவல். தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதைத் தெரியாமை என்று பாடப்புத்தகம் ஏற்பதில்லை.

சட்டமும் இங்கே நெறிக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டத்தின் 26-வது பிரிவைச் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்போம். உணவுப் பொருளை ஒரு வியாபாரிக்கு விற்கும் எவரும் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். தனியாக உத்தரவாதப் பத்திரம் இல்லாவிட்டாலும், அவர் தரும் பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும். அடுத்த 27-வது பிரிவு, சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர் தாமே பொறுப்பு என்கிறது. அகர்லாஃப் சொன்ன உத்தரவாதம் நம் ஊரில் ஒரு துண்டுக் காகிதமாக இருக்கிறது. அதைத்தான் நாம் 'பில் இல்லாமல் போட்டால் இரண்டு ரூபாய் குறையுமா?' என்று கேட்டு விட்டுக் கொடுக்கிறோம். குறைவது இரண்டு ரூபாய், கைவிடுவது உத்தரவாதம். பில் கேட்கிற சில்லறைக் கடைக்காரரைச் சில மொத்த வியாபாரிகள் சந்தேகத்தோடு பார்ப்பதும் உண்டு. அப்படிப் பார்க்கிறவரிடம் எண்ணெய் வாங்காதிருப்பதே நல்லது.

நம் வாடிக்கையாளருக்கும் இதே முறைதான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பில் தராதிருப்பது நேர்மையற்ற வணிகமுறை என்று அதில் எழுதியிருக்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதிலே சேரும். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்ற பலகை குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை இன்று செல்லாது. வாடிக்கையாளர் நம்பிக்கையோடு தந்த சொந்த விவரத்தை வெளியே கொடுப்பதும் அப்படியே. கடன் நோட்டில் உள்ள கைபேசி எண்களைச் சீட்டுக் கம்பெனிக்காரர் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறவர்கள் யோசிக்கவும்.

செப்டம்பர் 3 முதல் 21 வரை

புத்தகத்தில் இல்லாத ஒரு பாடம் 2025-ல் நம் கண் முன்னே நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 3 இரவு ஜி.எஸ்.டி. கவுன்சில் வரிக் குறைப்பை அறிவித்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் போன்றவற்றுக்கு 18 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. நெய்க்கு 12-லிருந்து 5. அமலுக்கு வந்தது 22-ந் தேதி. இடையில் பதினெட்டு நாள்.

100 ரூபாய் மதிப்புள்ள சரக்கை எடுத்துக்கொள்வோம். பழைய வரியோடு 118, புதிய வரியோடு 105. முறையான பதிவில் உள்ள மொத்த வியாபாரி கொள்முதலில் கட்டிய 18 ரூபாய் அவருக்கு வரவாக நிற்கும். 22-க்குப் பிறகு விற்று 5 ரூபாய் வரி வசூலித்தாலும் மீதி 13 ரூபாய் வரவுப் பேரேட்டில் இருக்கும். வேறு சரக்கின் வரியில் கழித்துக்கொள்ளலாம். கையில் பணம் முடங்கும். அடியோடு நஷ்டம் இல்லை. காம்போசிஷன் முறையில் உள்ள சிறு கடைக்காரருக்கும், பதிவே இல்லாத பெட்டிக் கடைக்காரருக்கும் வரி வரவு கிடையாது. அவர் 118 கொடுத்து வாங்கிய சரக்குக்கு அடக்கம் 118 தான். 22-ந் தேதி எதிர்க் கடையில் அதே பொருள் புதிய விலையில் வந்துவிட்டால் அவர் கையைக் கடிக்கும்.

இப்போது கேள்வி. அந்தப் பதினெட்டு நாளில், வரி குறையப் போவதை நன்கு அறிந்த ஒரு மொத்த வியாபாரி, பேப்பர் படிக்காத கிராமத்துக் கடைக்காரருக்கு 'சலுகை விலை' என்று சொல்லிப் பெட்டி பெட்டியாகப் பழைய சரக்கைத் தள்ளிவிட்டால் அது சரியா? அன்றைய வரி 18 சதவீதம். பில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். யாரும் அவர் மேல் வழக்குப் போட முடியாது. சட்டம் அவர் பக்கம்.

சரியில்லை என்பது நமது தீர்மானம். காரணம், அவர் விற்றது சோப்பை மட்டும் அல்ல. தனக்குத் தெரிந்து அடுத்தவருக்குத் தெரியாத ஒரு செய்தியையும் மறைத்து விற்றிருக்கிறார். அரிசியில் கல்லும் அதே வகைதான். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாதது எதுவோ அதில்தான் லாபம். மறுபக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுவோம். விலை ஏறப் போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே வாங்கி அடுக்குவதை நாம் சாமர்த்தியம் என்கிறோம். இறங்கப் போகிறது என்று தெரிந்து விற்பது மட்டும் தவறா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல வாதம். ஆனால் முன்கூட்டி வாங்கியவர் தன் பணத்தைப் பணயம் வைக்கிறார். தள்ளிவிட்டவர் பணயம் வைத்தது கடைக்காரரின் பணத்தை. அதுவும் தம்மை நம்பி வந்தவரின் பணத்தை. இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள், 22 தாண்டட்டும் என்று சொல்லி அனுப்பிய மொத்த வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த மாதம் விற்றுமுதல் குறைந்தது. கடைக்காரர்கள் மறக்கவில்லை.

பழைய சரக்கோடு மாட்டிக்கொண்ட சிறு கடைக்காரர் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் நம்மிடையே ஒருமித்த கருத்து இல்லை. வாங்கிய பில்லைக் காட்டி, இது பழைய அடக்கம், புதுச் சரக்கு வர நான்கு நாள் ஆகும் என்று சொல்லி விற்றால் அதில் மறைப்பு இல்லை என்பது ஒரு கட்சி. வரிச் சலுகை மக்களுக்கென்று வந்தது, நஷ்டத்தைக் கம்பெனியிடமும் மொத்த வியாபாரியிடமும் கேட்டு வாங்க வேண்டுமே தவிர வாங்குகிறவர் தலையில் வைக்கக் கூடாது என்பது மற்றொரு கட்சி. பரீட்சையில் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. காரணம் காட்டினால் போதும். கல்லாவில் அப்படி இல்லையே.

பயிற்சிக் கேள்வி

தொலைநிலைப் படிப்பில் பரீட்சைக்கு முன் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு. அந்த முறையில் ஒரு கேள்வி தருகிறோம். மூன்று பக்கத்துக்கு மிகாமல் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்க்கவும். அடுத்த கூட்டத்தில் வாசித்து விவாதிக்கலாம்.

ஒரு சில்லறைக் கடைக்காரர் தம் வழக்கமான மொத்த வியாபாரியிடம் பத்து டின் கடலை எண்ணெய் வாங்குகிறார். பில் இல்லை. ஊரில் ஆலை மூடி வசூல் நின்றிருந்த மாதங்களில் அந்த மொத்த வியாபாரிதான் வட்டியில்லாமல் 45 நாள் கெடு கொடுத்துக் கடையைக் காப்பாற்றியவர். நான்கு டின் விற்றாகிவிட்டது. ஐந்தாம் நாள் ஒரு பாட்டியம்மா வந்து, எண்ணெயில் வாசம் சரியில்லை, பேரனுக்கு வயிறு சரியில்லை என்கிறார். எண்ணெயால்தான் என்று நிச்சயம் இல்லை. இன்னும் ஆறு டின் இருக்கிறது, மறுநாள் தீபாவளி. கடைக்காரர் யார் யாருக்கு, எந்த வரிசையில், என்ன சொல்ல வேண்டும்? அந்த நால்வரை எப்படித் தேடிப் பிடிப்பார்? மொத்த வியாபாரிக்கு அவர் எந்த அளவுக்குக் கடன்பட்டிருக்கிறார்?